பாதிப் பீமன் யாருக்கு?

கார்த்திகைத் தீபம் வந்தால் எங்கள் வீடு சத்திரமாகிவிடும். கொடியேற்றம் தொடங்கிப் பத்தாம் நாள் மலையில் தீபம் ஏற்றுகிறவரை, திருவண்ணாமலையில் சொந்தக்காரர் வீடு உள்ள யாரும் லாட்ஜுக்குக் காசு கொடுப்பதில்லை. போன தீபத்துக்கு அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வயது இருபத்திரண்டு. சாமி கும்பிடுகிற பழக்கம் அவனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஒன்பதாம் நாள் காலை டீ குடிக்க மாட வீதிக்குப் போனோம். எதிரே சந்திரசேகரர் புறப்பாடு வந்துகொண்டிருந்தது. வாகனத்தைப் பார்த்ததும் பையன் என் தோளைத் தட்டினான். "சித்தி, அங்க பாரு, மேன்டிகோர்!"

அது மேன்டிகோர் இல்லை, புருஷாமிருகம். இந்தக் கோயில் வழக்கில் புருஷாமுனி வாகனம் என்பார்கள். மனித முகம், மிருக உடம்பு. பல சிவன் கோயில் தூண்களில் இதைப் பார்க்கலாம். தீபாராதனைக்கு எடுக்கிற தீபங்களில் புருஷாமிருக தீபம் என்றே ஒன்று உண்டு. இதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். "பேருதான் வேற சித்தி, உடம்பு அதேதான்" என்றான். வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தான்.

இந்தக் கட்டுரை அந்தப் புத்தகத்தைப் பற்றியது. எங்க ஆயா எனக்குச் சொன்ன ஒரு கதையைப் பற்றியதும்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்வரை அந்தக் கதையின் அர்த்தம் எனக்குப் பிடிபடவில்லை.

புத்தகத்தின் பெயர் 'மான்ஸ்டர் மேனுவல்'. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டுக்கு உரியது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974இல் வெளியிட்ட விளையாட்டு அது. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் போர்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன் என்று ஆளுக்கொரு வேஷம். ஒரே ஒருவர் மட்டும் தனக்கென்று வேஷம் கட்டுவதில்லை. அவர்தான் மாஸ்டர். காடு வருகிறது, குகை வருகிறது, குகைக்குள் ஏதோ உறுமுகிறது என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். தாங்கள் என்ன செய்கிறோம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். இருபது முகமுள்ள பகடையை உருட்டி, நடந்ததா இல்லையா என்று முடிவு செய்வார்கள்.

கேட்டபோது, நம்ம பக்கத்துக் கூத்தை உட்கார்ந்த இடத்திலேயே ஆடுவது போல இருக்கிறதே என்று நினைத்தேன். முழுக்க அப்படியும் இல்லை. நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். திரைக்குப் பின்னாலிருந்து வருகிறவன் ராஜாவானாலும் ராட்சசனானாலும், நீ யார், எந்த ஊர், எதுக்கு வந்தாய் என்று கேட்பான். நையாண்டி செய்வான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் சாக்கில் ராட்சசனும் தன் பக்கத்தைப் பாடிவிட்டுப் போவான். மேசை விளையாட்டின் மாஸ்டர் அப்படிக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் கையில் பட்டியல் இருக்கிறது.

அந்தப் பட்டியல்தான் இந்தப் புத்தகம். பையன் கொண்டுவந்தது 2014ஆம் ஆண்டுப் பதிப்பு. ஒவ்வொரு உயிருக்கும் ஒரு படம், படத்தோடு ஒரு கட்டம். எவ்வளவு அடி தாங்கும், எதனால் தாக்கும், கொன்றால் எத்தனை புள்ளி கிடைக்கும் என்று கட்டத்துக்குள் எழுதியிருக்கிறது. மேன்டிகோருக்கு மனித முகம், சிங்க உடம்பு, சிறகு, வாலில் 24 முள். 68 புள்ளி அளவுக்கு அடி தாங்கும். கொன்றவர்களுக்கு 700 அனுபவப் புள்ளி. பெயருக்கு நேர் கீழே அதன் குணத்தையும் அச்சடித்துவிட்டார்கள்: 'லாஃபுல் ஈவில்'. அதாவது ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட தீமை. எந்த மேன்டிகோர், எங்கே பிறந்தது, யாரை என்ன செய்தது என்ற விசாரணை எதுவும் கிடையாது. மேன்டிகோராகப் பிறந்தால் தீமை, அவ்வளவுதான். 1977இல் வந்த முதல் மான்ஸ்டர் மேனுவலிலும் அதற்கு இதே குணம்தான். மாஸ்டர் விரும்பினால் ஒரு மிருகத்தின் குணத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று 2014 பதிப்பின் முன்னுரை சலுகை தருகிறது. விதிவிலக்குக் கொடுக்கிற உரிமையும் மாஸ்டருக்குத்தான், மிருகத்துக்கு இல்லை.

இன்னும் சில பக்கங்கள் தள்ளி ஸ்பிங்க்ஸ் வருகிறது. அதற்கும் மனிதத் தலை, சிங்க உடம்பு, சிறகு. ஆனால் படம் வரைந்திருக்கிற தோரணை வேறு. இது கடவுளின் காவல். ரகசியத்தைக் காக்கிறது, புதிர் போடுகிறது, தகுதி உள்ளவர்களை உள்ளே விடுகிறது. குணம் 'லாஃபுல் நியூட்ரல்', நடுநிலை.

ஒரே உடம்புக்கு எப்படி இரண்டு தீர்ப்பு? மேன்டிகோர் மனிதரைத் தின்கிறது, அதனால் தீயது என்று சொல்லலாம். கிரேக்கக் கதையில் தீப்ஸ் நகரத்து ஸ்பிங்க்ஸ் மட்டும் என்ன செய்தது? புதிருக்குப் பதில் தெரியாதவர்களைத் தின்றது. ஆகவே தின்பது காரணமில்லை. யாருடைய கதையில் பிறந்தது என்பதுதான் காரணம். ஸ்பிங்க்ஸ் பிரமிடுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, சோபக்ளிஸ் நாடகம் வழியாக ஐரோப்பியர் தம் பாரம்பரியம் என்று சொந்தம் கொண்டாடுகிற இடத்திலும் இருக்கிறது. மேன்டிகோரின் ஊர் எது? இந்தியா.

நான் சும்மா சொல்லவில்லை. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன், பாரசீக அரண்மனையில் டீசியஸ் என்ற கிரேக்க வைத்தியர் இருந்தார். இந்தியாவில் கால் வைக்காமலே இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதியவர். மனித முகமும் சிங்க உடம்பும் தேள் போலக் கொட்டுகிற வாலும் உள்ள ஒரு மிருகம் இந்தியாவில் திரிவதாக அவர் எழுதினார். மனிதரைத் தின்பது என்று பொருள்படும் பாரசீகச் சொல்தான் மேன்டிகோர் ஆயிற்று. அரிஸ்டாட்டில் அவர் பெயரைச் சொல்லி அதை எடுத்தெழுதினார். பிற்காலத்தில் பசானியஸ் என்ற கிரேக்கப் பயணி, இது புலியாகத்தான் இருக்கும், பயத்தில் ஜனங்கள் கூட்டிச் சொல்லியிருப்பார்கள் என்றார். அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. மிருகம் ஐரோப்பியரின் மிருக நூல்கள் வழியாக நடந்து நடந்து, அமெரிக்கர் மேசைக்கு வந்து சேர்ந்து, 700 புள்ளிக்குச் செத்துக்கொண்டிருக்கிறது. அதே புத்தகத்தில் ராட்சசனுக்கும் ஒரு பக்கம் உண்டு. புலித்தலை, உள்ளங்கை பின்பக்கம் திரும்பிய கைகள். அவனுக்கும் குணம் தீமைதான்.

இந்த இடத்தில் ஒரு கூட்டம் எழுந்து நின்று கைதட்டும் என்று எனக்குத் தெரியும். பார்த்தீர்களா, வெள்ளைக்காரன் நம்மை மிருகமாக்கிவிட்டான், நம் பண்பாட்டைக் கேவலப்படுத்திவிட்டான் என்று. அந்தக் கைதட்டலை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். 'நம்மை' என்றால் யாரை? கொல்லத்தக்க உயிர்களுக்குப் பட்டியல் போடுகிற வேலையை அமெரிக்கர் வந்து இங்கே யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. யசுர் வேதத்தில் அசுவமேத யாகத்துக்கான பலிப் பட்டியல் ஒன்று இருக்கிறது. எந்தத் தேவதைக்கு எந்த உயிர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும். அதில் புருஷமிருகம் என்ற பெயரும் வருகிறது. சந்திரனுக்கு உரிய பலி அது. அது ஏதோ குரங்காக இருக்கலாம் என்று ஐரோப்பிய ஆய்வாளர் சிம்மர் ஊகித்தார். குரங்கோ, காட்டு மனுஷனோ, எதுவாயிருந்தாலும் சரி. பெயரில் புருஷன் இருக்கிறான், அவன் பலிப் பட்டியலிலும் இருக்கிறான். அதுதான் என்னை உறுத்துகிறது.

பாதி மனிதன், பாதி மிருகம் என்பதாலேயே ஒருவர் ராட்சசர் ஆகிவிடுவதில்லை. நரசிம்மம் யார்? சிங்கத் தலையும் மனித உடம்பும். குடலை உருவி மாலை போட்டாலும் அது அவதாரம். வியாக்கிரபாதர் யார்? புலிக்கால் முனிவர். வண்டு மொய்க்கும் முன்னே பூப்பறிக்க மரம் ஏறவேண்டும் என்று சிவனிடம் கேட்டு வாங்கிய கால். சிதம்பரத்துக்கே பெரும்பற்றப்புலியூர் என்று பெயர். ஆக, கலப்பு உடம்பு குற்றமில்லை. கலப்பு உடம்புக்கு யார் பெயர் வைக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி'யில் அவதாரக் கதைகளை எடுத்துவைத்து இதைத்தான் செய்தார். மீனையும் ஆமையையும் பன்றியையும் நரசிம்மத்தையும் வந்தேறித் தலைவர்களாக வாசித்தார். கொல்லப்பட்டவர்களை நம்முடைய ஆட்கள் என்றார். அவருடைய வரலாற்றில் பிழை பார்ப்பவர்கள் பார்க்கட்டும். கதையைச் செத்தவன் பக்கமிருந்து படிக்கலாம் என்ற துணிச்சலை நமக்குக் கொடுத்தது அந்த மனுஷன்தான்.

இனி ஆயாவின் கதை.

எங்கள் ஊர் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. பெயர் வேண்டாம். ஊரில் பாரதம் வைத்தால் பத்து நாள் கூத்து நடக்கும். ஊர் ஜனம் பந்தலைச் சுற்றி உட்காரும். சேரி ஜனம் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் உட்காரவேண்டும். நைனா பறையடிக்க மட்டும் வாய்க்காலைத் தாண்டிப் போய்வருவார். ஏழெட்டு வயதில் ஆயா மடியில் படுத்துக்கொண்டு நான் பார்த்த கூத்தெல்லாம் தூரத்து வெளிச்சமும் பாதி காதில் விழுந்த பாட்டும்தான். விட்டுப்போனதை ஆயா நிரப்பும். ராஜசூய யாகம் ஆடின ராத்திரி, கூத்துக்காரர் சொல்லாத ஒரு கதையை ஆயா சொல்லிற்று.

தருமன் யாகத்துக்குப் புருஷாமிருகத்தின் பால் வேணும். போய்க் கொண்டுவா என்று பீமனை அனுப்புகிறார்கள். அது பெரிய சிவபக்தி உள்ளது. விஷ்ணு பேரைக் கேட்டாலே அதுக்கு ஆகாது. அதுக்கென்று ஒரு எல்லை உண்டு. எல்லைக்குள் வந்தவனைப் பிடித்துத் தின்கிற உரிமையும் உண்டு. போகும்போது கிருஷ்ணன் பீமன் கையில் பன்னிரண்டு ருத்திராட்சம் கொடுத்தனுப்பினான். பீமன் போய் கோவிந்தா கோபாலா என்று கத்தினான். மிருகம் துரத்திற்று. கிட்டே வந்ததும் பீமன் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போட்டான். அது லிங்கம் ஆயிற்று. லிங்கத்தைப் பார்த்ததும் மிருகம் ஓட்டத்தை விட்டுவிட்டு, குளித்து, பூப்போட்டு, பூசை பண்ண உட்கார்ந்துவிட்டது. பீமன் ஓடிவிட்டான். மறுபடி துரத்தல், மறுபடி லிங்கம். இப்படிப் பன்னிரண்டு தடவை. கடைசியில் எல்லையில் வைத்து அது பீமனைப் பிடித்தது. பீமனுக்கு ஒரு கால் எல்லைக்கு அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம். எனக்குத்தான் என்றது மிருகம். இல்லை என்றான் பீமன். வழக்கு தருமனிடம் போயிற்று. தருமன் சொன்னான்: உன் எல்லைக்குள் இருந்த பாதி உடம்பு உனக்கு. கூடப்பிறந்தவன் என்றும் பார்க்காமல் சொன்ன அந்த நியாயத்தைக் கேட்டு மிருகம் மனசு குளிர்ந்து பீமனை விட்டுவிட்டது.

குமரி மாவட்டத்தில் மகா சிவராத்திரிக்கு முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரைக்கும் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடுகிறார்களே, சிவாலய ஓட்டம், அதற்குச் சொல்கிற கதையும் இதுதான். சிவன் கோயிலுக்கு ஓடுகிறவர்கள் கோவிந்தா கோபாலா என்று கத்திக்கொண்டு ஓடுவதன் காரணம் இதுதான். திருநெல்வேலிப் பக்கத்துக் கிருஷ்ணாபுரம் கோயிலில் பீமனும் புருஷாமிருகமும் தருமனும் ஒரே தூணில் நிற்கிறார்கள். எங்கே கேட்டாலும் கதையின் நீதி ஒன்றுதான்: தருமன் நடுநிலை தவறாதவன்.

ஆயா சொன்ன நீதி வேறு. கதையை முடித்துவிட்டு அது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அது தன் எல்லைக்குள்ள வந்தவனத்தான் புடிச்சுது. எல்லைய தாண்டிப் போயி எவன் ஊட்லயாவது கை வச்சுதா? அதுக்குப் பேரு மிருகமாம். சரி, பாதின்னானே, எந்தப் பாதி? தலைப் பாதியா, கால் பாதியா? அத எவனாவது கேட்டானா?"

எம்.ஏ. படிக்கிறபோது எத்தனையோ திறனாய்வு முறைகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். அமைப்பியல், தொன்மவியல் என்றெல்லாம் பரீட்சை எழுதினேன். எழுத்து தெரியாத ஆயா கேட்ட இந்த மூன்று கேள்விக்கு மேல் இந்தக் கதைக்கு வேறு திறனாய்வு எனக்குத் தெரியவில்லை.

ஒன்று, எல்லை. ஆயாவும் நானும் அன்றைக்கு உட்கார்ந்திருந்தது வாய்க்காலுக்கு இந்தப் பக்கம். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் கோடு போட்டது நாங்கள் இல்லை. மிருகத்தின் காட்டுக்குள் பீமன் பாலுக்காகப் போகலாம். சேரிக்குள் ஊர்க்காரன் வேலைக்கு ஆள் கேட்டு எந்நேரமும் வரலாம். நாம் அந்தப் பக்கம் ஒரு கால் வைத்தால் மட்டும் வழக்கு. எல்லை தாண்டி வந்தவனை வீரன் என்றும் எல்லைக்குள் இருந்ததை மிருகம் என்றும் கதை சொல்லிவிட்டது. மேசை விளையாட்டிலும் நடப்பது இதேதான். குகை யாருடையது? அங்கே குடியிருக்கிறதே, அதனுடையது. உள்ளே நுழைந்து, கொன்று, அது வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் வீரர்கள்.

இரண்டு, லிங்கம். ஆயா இதைப் பற்றிக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. இது நான் சேர்ப்பது. மிருகத்தைத் தோற்கடித்தது பீமனின் கதை இல்லை, மிருகத்தின் பக்தி. பக்தன் நின்று கும்பிடுவான் என்று தெரிந்தே எதிரி அவன் சாமியை அவன் காலடியில் வீசுகிறான். எத்தனை தடவை நாம் நியாயத்தை எட்டிப் பிடிக்கப் போய், குறுக்கே விழுந்த லிங்கத்தைக் கும்பிட உட்கார்ந்திருக்கிறோம்! திருப்புன்கூரில் நந்தனுக்காக நந்தி விலகிற்று என்பார்கள். கல்லு நந்தி விலகிற்று, கோயில் வாசல் விலகவில்லை. அவன் வெளியே நின்றபடியேதான் பார்த்தான். அந்த விலகிய நந்தியைச் சொல்லிச் சொல்லியே எத்தனை நூற்றாண்டு ஓட்டிவிட்டார்கள்.

மூன்றாவதாக, பாதி. அந்தத் தீர்ப்பை இன்னொரு தடவை படியுங்கள். நீதிபதி குற்றவாளியின் அண்ணன். யாகம் நீதிபதியின் யாகம். பாலும் அவனுக்குத்தான் வேண்டும். எல்லாம் சேர்த்து, பெரிய மனசு பண்ணி அவன் கொடுத்தது பாதி. அந்தப் பாதியையாவது மிருகம் வாங்கிற்றா? இல்லை. நியாயத்தைக் கேட்டதிலேயே வயிறு நிறைந்து விட்டுக்கொடுத்துவிட்டது. கணக்குப் பார்த்தால் பீமன் முழுசாக வீட்டுக்குப் போனான், பால் யாகத்துக்குப் போயிற்று, புகழ் தருமனுக்குப் போயிற்று. மிருகத்துக்குக் கிடைத்தது ஒரு கதை. நமக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிற ஒவ்வொரு தடவையும், தீர்ப்பில் சொன்னது கைக்கு வந்ததா என்று பார்க்கவேண்டும்.

இதை நான் கதைக்காகச் சொல்லவில்லை. மதராஸ் மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் 1947இல் வந்தது. இதே திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போனது 2023 ஜனவரி 30ஆம் தேதி. கலெக்டரும் எஸ்.பி.யும் கூட வர, போலீஸ் பாதுகாப்போடு பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலுக்குள்ளும் அப்படித்தான் போனார்கள். சட்டத்துக்கும் வாசலுக்கும் நடுவில் எழுபத்தாறு வருஷம். இத்தனைக்கும் தென்முடியனூர் கோயில் அறநிலையத் துறையின் கீழ் உள்ளது. சட்டத்தின் ஒரு கால் கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம்.

அப்படியானால் கோயில் நுழைவே வீசப்பட்ட லிங்கமா என்று தோழர்கள் கேட்பார்கள். என்னையே நான் கேட்டுக்கொண்ட கேள்விதான் இது. நாசிக்கில் 1930இல் காலாராம் கோயில் போராட்டத்தைத் தொடங்கிய அம்பேத்கரே, 1933 பிப்ரவரியில் கோயில் நுழைவு மசோதாக்களைப் பற்றி அறிக்கை விட்டபோது அதற்கு ஆதரவு தர மறுத்தார். படிப்பு, வேலை, பிழைப்பு, இவற்றில் உயர்வதுதான் விடுதலைக்கு வழி என்றார். அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எங்க ஆயாவை நினைத்துக்கொள்கிறேன். வருஷம் தவறாமல் டவுனுக்கு வந்து அண்ணாமலையார் கோயிலுக்குள் போகும். "டவுன்ல நம்மள யாருக்குத் தெரியும்" என்று சொல்லும். கிருஷ்ணதேவராயர் கட்டின ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்த்த கண்ணு, எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் உள்பக்கச் சுவரைப் பார்க்காமலே மூடிற்று. பெரிய கோயிலுக்குள் போகலாம், சின்னக் கோயிலுக்குள் போகக்கூடாது. அங்கே பேரு தெரியாது, இங்கே தெரியும். அந்த வாசலில் ஆயா நின்றிருக்க வேண்டும் என்று நான் கேட்பது சாமிக்காக இல்லை. அந்தக் கோடு செல்லாது என்று ஊரறியச் சொல்வதற்காக. பூசை பண்ண உட்காராமல் லிங்கத்தைத் தாண்டி ஓடுகிற மிருகமும் இருக்கமுடியும்.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "எல்லாம் சரி சித்தி, ஆனா இது விளையாட்டு" என்றான். நான் வழக்கம்போல ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "நான் எப்பவும் ஓர்க்குதான் எடுப்பேன், தெரியுமா? எல்லாரும் பாத்து பயப்படுவானுங்களே, அந்த ஜாதி. பேரு நானே வச்சிக்குவேன். வாரத்துல ஒரு ராத்திரி, நாலு மணி நேரம். அந்த மேசையில ஒருத்தனும் நீ எந்த ஊரு, எந்தத் தெருன்னு என்னைக் கேட்டது இல்ல."

எனக்குப் பதில் வரவில்லை. டவுன் கோயிலுக்குள் நுழைந்த ஆயா முகம்தான் ஞாபகம் வந்தது. ஒரு பிரதியை ஆதிக்கப் பிரதி என்று நிறுவிவிட்டால் விமர்சகரின் வேலை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். அந்தப் பிரதிக்குள் நம் பிள்ளை ஒருவன் மூச்சு விட இடம் கண்டுபிடித்திருந்தால், அதையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும்.

விளையாட்டுக் கம்பெனிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை என்று அவன் சொன்னான். ஓர்க் போன்ற இனங்களை மொத்தமாகத் தீயவர்களாகக் காட்டியது இனவெறிக் கருத்துகளை ஒத்திருந்தது என்று 2020இல் ஒப்புக்கொண்டார்களாம். 'இனம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் கைவிடுவதாக 2022 டிசம்பரில் அறிவித்து, 2024 பதிப்பில் எடுத்தும்விட்டார்கள். ஓர்க் இப்போது ஆடுகிறவர்கள் எடுக்கக்கூடிய வேஷங்களில் ஒன்று. 2025இல் வந்த புதிய மான்ஸ்டர் மேனுவலில் அதற்குத் தனிக் கட்டம் இல்லை. நல்ல விஷயம். எழுபத்தாறு வருஷம் ஆகாமல், கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் பாருங்கள். ஓர்க் பட்டியலை விட்டு வெளியே வந்துவிட்டது, மேன்டிகோர் உள்ளேயே இருக்கிறது, பட்டியலும் இருக்கிறது. ஒருத்தரை மட்டும் மேலே தூக்கிவிட்டுப் படிக்கட்டை அப்படியே வைத்துக்கொள்கிற வித்தை நமக்குப் புதுசா? படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னது, தனக்குக் கீழே ஒருவன் இருக்கிற திருப்தியில் எல்லோரும் படிக்கட்டைக் காப்பாற்றுவதைத்தானே?

தீபம் முடிந்து ஊருக்குப் போகும்போது பையன் ஆயா கதையை எழுதி வாங்கிக்கொண்டு போனான். அடுத்த வாரம் அவன்தான் மாஸ்டராம். புருஷாமிருகத்துக்குத் தானே ஒரு பக்கம் தயார் செய்தான். குணம் எழுதவேண்டிய இடத்தைக் காலியாக விட்டான். கட்டியங்காரன் கேட்கிற கேள்வியை மிருகத்தின் வாயில் வைத்தான்: நீங்க யாரு, எந்த ஊரு, என் எல்லைக்குள்ள எதுக்கு வந்தீங்க?

ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. "கொன்னுட்டாங்க சித்தி" என்றான். எவ்வளவு நேரத்தில் என்று கேட்டேன். கால் மணி நேரம் என்றான். கேள்விக்குப் பதில் சொல்லாமலே ஒருவன் அம்பை எடுத்துவிட்டானாம். அவர்கள் கெட்ட பசங்க இல்லை, மிருகம் என்று படத்தைக் காட்டியதும் கை தானாகப் பகடைக்குப் போய்விட்டது என்றான். எத்தனை புள்ளி என்று கேட்டேன். "மேன்டிகோர் அளவுதான், 700. நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 175."

"நீ என்ன பண்ண?"

"நான் மாஸ்டர் சித்தி. கூட்டிக் கழிச்சு எழுதிக்கொடுத்தேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவனே சொன்னான், அடுத்த வாரம் மாஸ்டர் வேலையை வேறொருத்தனிடம் கொடுத்துவிட்டுப் புருஷாமிருகத்தை நானே எடுத்து ஆடப்போகிறேன் என்று. எல்லையில் வழக்கு வந்தால் என்ன கேட்பாய் என்றேன்.

"எந்தப் பாதின்னு கேப்பேன்" என்றான்.